பிளாக் சாபத் "பாரனாய்ட்" 1970 சிங்கிள்: மேடையில் அதே சவுண்டு வர என்ன செய்யணும்? சார்ட் குழப்பமும் தீரணும்

திண்டுக்கல்_டிஸ்டார்ஷன் எழுதியது:

வணக்கம் மக்களே. எங்க செட்லிஸ்ட்ல இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டு பிளாக் சாபத்தோட "பாரனாய்ட்" இருக்கு. ஒரு கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு, அவ்வளவுதான். ஆல்பம் வெர்ஷனையும் பிற்கால லைவையும் கலந்து கட்டாம, 1970 சிங்கிள்ல (இந்தப் பாட்டுக்காகத் தனியா வந்த 7 இஞ்ச் தட்டு) என்ன கேக்குதோ அதையே வாசிக்கணும்னு முடிவு.

இப்போதைய நிலவரம்: ஹம்பக்கர் (ரெட்டைக் காயில் பிக்கப்) கிட்டார், டிராப் டி ட்யூனிங் (தடித்த ஸ்ட்ரிங்கை மட்டும் ஈலேர்ந்து டிக்கு இறக்கினது), டிஸ்டார்ஷன் பெடல்ல கெயின் (சத்தம் உடையற அளவு) முக்கால் வாசி, டிரம்மர் டபுள் பெடல் (ரெண்டு காலாலயும் கிக் அடிக்க). சவுண்டு கனமாத்தான் இருக்கு. ஆனா பாட்டு ஓடவே மாட்டேங்குது, சேத்துல மாட்டின வண்டி மாதிரி இருக்கு. எங்க தப்பு?

இன்னும் ரெண்டு சந்தேகம். ஆல்பத்துக்கு முதல்ல "வார் பிக்ஸ்"னுதான் பேர்னு படிச்சேன். அப்புறம் ஏன் இந்தச் சின்னப் பாட்டு சிங்கிளாச்சு? சார்ட் நிலையும் ஒரு இடத்துல 4, இன்னொரு இடத்துல 14, வேற ஒரு இடத்துல 61னு போட்டிருக்கான். எது சரி?

கடைசியா, ஒரு 7 இஞ்ச் தட்டு ஆன்லைன்ல விலைக்கு வந்திருக்கு, "ஒரிஜினல்"னு சொல்றாங்க. எதைப் பார்த்து வாங்கறது?

---

மெழுகுத்தட்டு எழுதியது:

கிட்டார் விஷயத்துக்கு ஆறாம்_நரம்பு வருவார். வெளியீட்டுக் கதையை நான் சொல்றேன்.

நீங்க பார்த்த மூணு எண்ணும் சரிதான். மூணும் வேற வேற வெளியீடு. 1970ல இங்கிலாந்தில் வெர்டிகோ லேபிளில் வந்த சிங்கிள் 4ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் போட்டது, பில்போர்டில் 61ஓடு நின்னு போச்சு. 14 என்பது 1980ல இங்கிலாந்தில் நெம்ஸ் நிறுவனம் பழைய ரெக்கார்டிங்கை மறுபடி போட்டபோது கிடைத்தது. அப்போ 1970ல பாடிய ஆஸி ஆஸ்போர்ன் பேண்டிலேயே இல்லை. ரோனி ஜேம்ஸ் டியோ பாடிக்கொண்டிருந்தார். பழைய பாடல்களின் உரிமை நெம்ஸ் கையில் இருந்ததால், அதே வருஷம் "லைவ் அட் லாஸ்ட்"னு ஒரு பழைய லைவ் ரெக்கார்டிங்கையும் பேண்டின் சம்மதம் கேட்காமலே இறக்கினார்கள். ஜெர்மனியில் 1970 சிங்கிள் முதலிடமே பிடித்தது. அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இந்தப் பாட்டு ஏன் சிங்கிளாச்சு என்பதற்கு நீளக் கணக்கைப் பாருங்க. ஆல்பத்தில் "வார் பிக்ஸ்" கிட்டத்தட்ட 8 நிமிஷம். "ஹேண்ட் ஆஃப் டூம்" 7 தாண்டும். "அயர்ன் மேன்" 6 நிமிஷத்தைத் தொடும். ரேடியோவில் போட 3 நிமிஷத்துக்குள் ஒன்றுமே இல்லை. இருந்த ஒரே குட்டி "ராட் சாலட்". அதில் பாட்டே கிடையாது, டிரம்ஸ் சோலோ. மொத்த ஆல்பமும் 40 நிமிஷத்துக்குக் குறைவாக நிற்க, தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் இன்னும் ஒரு மூணு நிமிஷம் வேணும்னார். கிட்டார்காரர் டோனி அயோமி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) பிடித்தார், பேஸ்காரர் கீஸர் பட்லர் அவசரமாக வரிகள் எழுதினார், ஆஸி தாளைப் பார்த்தபடியே பாடினார். லண்டன் ரீஜண்ட் சவுண்டு ஸ்டூடியோவில், 1970 ஜூனில். இடத்தை ரொப்பப் போட்ட பாட்டு 2 நிமிஷம் 48 நொடியில் முடிந்தது. சிங்கிளுக்குத் தேவையான நீளம் அதுதான்.

முதலில் சிங்கிள் வந்தது, பிறகு செப்டம்பர் 18ல ஆல்பம். சிங்கிள் ஓடுவதைப் பார்த்து கம்பெனி ஆல்பம் பேரையும் "பாரனாய்ட்" ஆக்கிவிட்டது. ஆனால் அட்டைப்படம் "வார் பிக்ஸ்" பேருக்கு எடுத்தது. அதனால்தான் கையில் வாளும் கேடயமுமாக ஒரு ஆள் மரத்தடியில் பாய்ந்து வருகிறார். மனப் பதற்றத்துக்கும் அந்த வாளுக்கும் என்ன சம்பந்தம்னு மண்டையைக் குடைய வேண்டாம், ஒரு சம்பந்தமும் இல்லை. ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம். அமெரிக்காவில் முதல் ஆல்பம் இன்னும் விற்றுக்கொண்டிருந்ததால் இதை 1971 ஜனவரி வரை தள்ளிப்போட்டார்கள்.

ஒரு பக்க விளைவும் உண்டு. "டாப் ஆஃப் தி பாப்ஸ்" டிவி நிகழ்ச்சியில் தோன்றிய பிறகு, இந்த ஒரு பாட்டுக்காகவே கூச்சல் போடும் பாப் கூட்டம் கச்சேரிக்கு வர ஆரம்பித்தது. பேண்டுக்கு அது பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் அடுத்த சிங்கிள் 1972ல "டுமாரோஸ் ட்ரீம்" தான், அதுவும் சார்ட் பக்கமே போகவில்லை. கையிலிருந்த வியாபாரத்தைத் தாங்களே கழற்றிவிட்டார்கள் என்பேன். ஆனால் அவர்களை ஆல்பம் பேண்டாக நிலைநிறுத்தியதும் அந்த முடிவுதான்.

---

ஆறாம்_நரம்பு எழுதியது:

முதல் வேலை, டிராப் டியை எடுத்துட்டு ஸ்டாண்டர்டுக்கு வாங்க. அயோமி ட்யூனிங்கை மூணு செமிடோன் இறக்கியது 1971ல "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி"யில். "பாரனாய்ட்" ஆல்பம் சாதாரண ஈ ட்யூனிங். பிற்கால மேடை ரெக்கார்டிங்குகளில் சுருதி இறங்கியிருக்கும், அதைக் கேட்டு ட்யூன் பண்ணினால் சிங்கிளோடு ஒட்டாது.

ரெண்டாவது, கெயின். உங்க சேறு அங்கேதான் இருக்கு. 1970 ரெக்கார்டிங்கில் இருப்பது பி-90 சிங்கிள் காயில் பிக்கப் போட்ட கிப்சன் எஸ்ஜி, அதற்கு முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர், பிறகு 100 வாட் லேனி ஆம்ப். டிஸ்டார்ஷன் பெடல் என்று எதுவும் இல்லை. பூஸ்டர் அடிச்சத்தத்தை வெட்டிவிட்டு மேல்சத்தத்தை மட்டும் தூக்கி ஆம்புக்குள் தள்ளுகிறது, ஆம்ப் அந்த அழுத்தத்தில் உடைகிறது. அடிச்சத்தம் குறைவாக உள்ளே போவதால்தான் உடைந்த பிறகும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. ஹம்பக்கரின் முழு அடிச்சத்தத்தையும் முக்கால் கெயினில் அள்ளிப் போட்டால் பாம் மியூட் (உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை லேசாக அமுக்கி அடிப்பது) எல்லாம் ஒரே முழக்கமாகக் குழையும்.

இருப்பதை வைத்துச் செய்ய: கிட்டார் வால்யூம் 7, டோன் முழுசு. டிஸ்டார்ஷன் பெடலைக் கழற்றிவிட்டு ஓவர்டிரைவ் பெடல் வையுங்க, டிரைவ் கால் வாசிக்குக் கீழே, லெவல் முக்கால் வாசி. ஆம்ப்ல பேஸ் 3 அல்லது 4, மிடில் 7, ட்ரெபிள் 6. சோதனை இதுதான்: ஈ5 கார்டை (ஈயும் பியும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு) மெதுவாகத் தட்டினால் கிட்டத்தட்ட சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் உறுமியும் வரணும். மெதுவாகத் தட்டும்போதே உறுமினால் இன்னும் கெயின் அதிகம்.

நிஜமான ஜெர்மானியம் பூஸ்டர் வாங்கப் போறீங்கன்னா ரெண்டு எச்சரிக்கை. பழைய டிசைனை அப்படியே எடுத்த பெடல்கள் பாசிட்டிவ் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் தொடுத்தால் சப்ளை ஷார்ட் ஆகும்; தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்க. அடுத்தது சூடு. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வெப்பம் ஏற ஏற பயாஸ் (அது வேலை செய்யும் மின் நிலை) நகரும். சவுண்டு செக்ல அருமையா இருந்தது, விளக்கு எரியும் மேடையில் கரகரன்னு இருமும். திறந்தவெளி மேடைக்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர் வகையே நிம்மதி.

கைக்கு வருவோம். ஆரம்ப ரிஃப் 12ஆம் ஃப்ரெட் வட்டாரத்தில், 12லிருந்து 14க்கு ஹேமர்-ஆன். பலர் ரெண்டு நோட்டையும் பிக்கால் அடிக்கிறார்கள், அப்போது அந்த வழுக்கல் போய் தந்தி அடிப்பது போலாகிவிடும். முதல் நோட்டுக்கு மட்டும் பிக், ரெண்டாவது விரல் விழுவதில்.

பாடும் பகுதி: ஏ ஸ்ட்ரிங்கில் 7ஆம் ஃப்ரெட் ஈ5, 5ஆம் ஃப்ரெட் டி5, தடித்த ஈ ஸ்ட்ரிங்கில் 3ஆம் ஃப்ரெட் ஜி5, திரும்ப டி5, ஈ5. முதல் ஈயும் டியும் நீண்டு நிற்கும். ஜியும் அடுத்த டியும் பாதிப் பாதி நேரத்தில் ஓடிவிடும். அங்கேதான் புது ஆட்கள் தடுக்கி விழுவது. நாலு கார்டுக்கும் சம நேரம் கொடுத்துவிட்டு, பாடுபவர் தப்பாக வருகிறார் என்று அவர் மேல் பாய்வார்கள். உதவி கேட்கும் அந்த ஒரு வரியில் மட்டும் சி5 வரும். கோரஸ் என்று ஒன்று இந்தப் பாட்டில் கிடையாது, "பாரனாய்ட்" என்ற தலைப்பு வார்த்தையும் வரிகளில் எங்கேயும் வராது. அதனால் மூச்சு விட இடமில்லாத பாட்டு. கை இறுக்கமாக இருந்தால் ஒன்றரை நிமிஷத்தில் முன்கை கல்லாகிவிடும்.

பாம் மியூட் பிரிட்ஜை ஒட்டினாற்போல, உள்ளங்கை ஓரம் மட்டும் படணும். அரை அங்குலம் முன்னால் வந்தாலும் சுருதியே தெரியாமல் டொக் டொக் என்றாகும். முழுக்க டவுன்ஸ்ட்ரோக், பிக் கீழ்நோக்கி மட்டும். ஸ்ட்ரிங் 9 கேஜ் போதும். விபத்தில் நடுவிரல், மோதிரவிரல் நுனி போன கையால் பிடிப்பதற்காக அயோமி மெல்லிய ஸ்ட்ரிங் தேடி அலைந்தவர். தடித்த ஸ்ட்ரிங்தான் மெட்டல் என்பது பிற்காலத்து நம்பிக்கை.

---

ஸ்நேர்_சித்தப்பா எழுதியது:

தம்பி, டபுள் பெடலை வீட்டிலேயே வெச்சிட்டு வாங்க.

ரெக்கார்டிங் நிமிஷத்துக்கு சுமார் 163 பீட். கிளிக் ட்ராக் வைத்து வாசித்ததல்ல, கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதனால் மெட்ரோனோமை 163ல வைத்துக்கொண்டு ரெக்கார்டிங்கோடு ஒட்டவில்லை என்று அலறவேண்டாம். மேடையில் எல்லோரும் இதை 180க்கு ஓட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க: 2:48 பாட்டு 180ல 2:32க்கு முடிஞ்சிடும். அந்த 16 நொடியில் போவது பாடகரின் உச்சரிப்பும் கிட்டார்காரரின் டவுன்ஸ்ட்ரோக்கும். 163ல எட்டுக்கணக்கு அடி (பீட்டுக்கு ரெண்டு) நொடிக்கு ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு, முழு டவுன்ஸ்ட்ரோக்கில் தாங்கும். 180ல ஆறு, கை தானாக மேலும் கீழும் அடிக்க ஆரம்பிக்கும், உடனே ரிஃபின் கடுமை போய்விடும்.

பேண்டின் டிரம்மர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. மற்ற பாடல்களில் ஸ்விங் இருக்கும், இங்கே நேர்கோடு. ஸ்நேர் 2லயும் 4லயும். ஹை-ஹேட்டை முழுக்க மூடாதீங்க, பாதி திறந்து சரசரன்னு ஓடணும். கிக் ஒற்றைக் காலில் கிட்டாரின் அழுத்தத்தோடு போனால் போதும். டபுள் பெடல் உள்ளே வந்தால் கிட்டார் மியூட்டும் கிக்கும் ஒரே இடத்தில் மோதி, ரெண்டும் தெரியாமல் போகும். நீங்க சொன்ன சேற்றில் பாதி கெயின், மீதி இது.

பேஸ்: ஃபெண்டர் ப்ரெசிஷன் வகை பேஸ் கிட்டார், பிக் இல்லாமல் விரலால். கீஸர் கிட்டாரின் நிழலாகப் போகிறார். ஆனால் ஆம்பைக் கொஞ்சம் உடையவிட்டு, மிடில் தூக்கி. ஒரே கிட்டார் உள்ள பேண்டில் சோலோ வந்ததும் அடியில் ஓட்டை விழக்கூடாது என்றால் பேஸில் அந்த மிடில் இருந்தே ஆகணும். சத்தமே இல்லாத உருண்டை பேஸ் வைத்தால் சோலோவில் பேண்டு பாதியாகிவிடும்.

---

திண்டுக்கல்_டிஸ்டார்ஷன் எழுதியது:

கெயின் குறைச்சு, ஸ்டாண்டர்டுக்கு வந்து பார்த்தாச்சு. ரிஃப் தெளிவா வருது, நன்றி அண்ணன்களே. சோலோ மட்டும் புரியல. ஹெட்போன்ல ஒரு காதுல சாதாரண கிட்டார், இன்னொரு காதுல ஏதோ பழைய ரேடியோ ட்யூன் பண்ற மாதிரி கரகரப்பு. ஃபஸ் பெடலா (சத்தத்தைக் கரகரப்பாக்கற பெடல்) அது? போட்டுப் பார்த்தேன், அது மாதிரி இல்ல.

---

ஆறாம்_நரம்பு எழுதியது:

ஃபஸ் மட்டும் போதாது, அது ரிங் மாடுலேட்டர். வாசித்த சோலோவை ஒரு பக்கம் அப்படியே வைத்துவிட்டு, அதையே ரிங் மாடுலேட்டர் வழியாக விட்டு மறு பக்கம் போட்டிருக்கிறார்கள்.

அது ஏன் ரேடியோ மாதிரி கேட்குதுன்னா: உள்ளே ஒரு நிலையான அதிர்வெண் ஓடிக்கொண்டிருக்கும். நீங்க வாசிக்கும் நோட்டையும் அதையும் கூட்டினது ஒண்ணு, கழிச்சது ஒண்ணு, இது ரெண்டுதான் வெளியே வரும். உள்ளே 500 ஹெர்ட்ஸ் வைத்து நீங்க 440 ஏ வாசித்தால் வருவது 940ம் 60ம். அடுத்த பி நோட்டு, சுமார் 494. வெளியே 994ம் வெறும் 6ம். 6 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாது, ஸ்பீக்கர் நடுங்குவதோடு சரி. நீங்க மேலே ஏற, அடியில் உள்ளது கீழே இறங்குகிறது. எந்த ஸ்கேலுக்கும் கட்டுப்படாத சத்தம், அதனால்தான் ஃபஸ்ஸில் கிடைக்காது.

மேடையில் வைக்க, சிக்னலை ரெண்டாகப் பிரித்து, சுத்தமான வழியை ஆம்புக்கு நேராக விடுங்க. ரிங் மாடுலேட்டர் வழி அதைவிட நன்றாகக் குறைந்த அளவில் சேரட்டும். பெடலிலேயே மிக்ஸ் திருகு இருந்தால் முப்பது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். முழுசாகத் திருப்பினால் சோலோ ஈ மைனர் பெண்டடானிக் (ஐந்து நோட்டு ஸ்கேல்) என்பதே யாருக்கும் தெரியாது. இடம் வலம் பிரிக்கிற ஆசை இருந்தால், முதலில் சவுண்டு இன்ஜினியரிடம் பிஏ (அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பு) ஸ்டீரியோவா என்று கேளுங்க. மோனோவாக ஓட்டும் அரங்குகள் நிறைய. அங்கே ரெண்டும் நடுவில் வந்து விழும், அப்போது ரிங் அளவை இன்னும் குறைக்கணும்.

பெடல் கிடைக்கவில்லை என்றால் ஆக்டேவ் ஃபஸ். கிட்ட வரும், அதே ஆகாது. எதுவுமே இல்லாமல் சுத்தமாக வாசித்தாலும் குற்றமில்லை. ரிங் மாடுலேட்டரை மொபைல் ஆப்பில் ஓட்டி தாமதத்தோடு வாசிப்பதுதான் குற்றம்.

---

45_சுற்று எழுதியது:

தட்டு வாங்கும் கேள்வி விட்டுப்போச்சே.

1970 இங்கிலாந்துப் பிரதி என்றால் வெர்டிகோவின் கருப்பு வெள்ளைச் சுழல் லேபிள், எண் 6059 010, பின்பக்கம் "தி விசார்ட்". பின்பக்கப் பாட்டு அதே வருஷம் பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்திலிருந்து எடுத்தது. லேபிளில் நெம்ஸ் என்றிருந்தால் அது மறுவெளியீடு. நல்ல தட்டுதான், ஆனால் "ஒரிஜினல்" விலை கொடுக்காதீங்க. 6360 011 என்று யாராவது எண் சொன்னால் அவர் ஆல்பத்தைப் பார்த்துச் சொல்கிறார். அமெரிக்கப் பிரதி வார்னர் 7437. இங்கிலாந்துப் பிரதி கம்பெனியின் பொது உறையில் வந்தது. பேண்டின் படம் போட்ட உறை என்றால் ஜெர்மனி போன்ற ஐரோப்பியப் பிரதியாக இருக்கும். போலி என்று அர்த்தமில்லை, நாடு வேறு.

விற்பவரிடம் மூணு போட்டோ கேளுங்க. லேபிள் நேராக, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் உள்ள வெற்று வளையத்தில் பதித்த எண், ஒற்றை விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தட்டின் பரப்பு. நேர் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் பளபளக்கும், சாய்ந்த வெளிச்சத்தில்தான் கீறல் தெரியும். நடுத்துளை பெரிசாக வெட்டியிருந்தால் ஜூக்பாக்ஸில் ஓடிய பிரதி. கனமான ஊசியில் நூற்றுக்கணக்கில் ஓடியிருக்கலாம். பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் உரத்த இடங்களில் கரகரக்கும். அது தூசியில்லை, கழுவினால் போகாது.

சவுண்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் 7 இஞ்சுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நாலு பாட்டு, 21 நிமிஷம். பள்ளங்களை நெருக்கி வெட்டணும். சிங்கிளில் ஒரு பக்கத்துக்கு 2:48 மட்டும், அதுவும் 45 வேகம். பள்ளத்தை அகலமாக, உரக்க வெட்ட இடம் தாராளம். "வார் பிக்ஸ்" 8 நிமிஷத்தை அதே 7 இஞ்சில் திணித்திருந்தால் சத்தத்தையும் அடிச்சத்தத்தையும் இறக்கியே ஆகணும். மெழுகுத்தட்டு சொன்ன ரேடியோ காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

பாடுபவருக்கு ஒரு தகவல்: 2009 டீலக்ஸ் பதிப்பில் இதே பாட்டு வேறு வரிகளோடு இருக்கிறது. ரிஃப், அமைப்பு எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். வரிகளை மறந்துவிட்டு, ஆஸி எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கேட்க அருமையான பிரதி.

---

ஸ்நேர்_சித்தப்பா எழுதியது:

ஒண்ணு விட்டுட்டேன். இந்தப் பாட்டு ஃபேட் ஆகாது, டக்குனு நிற்கும். 2025 ஜூலை 5ல பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் சாபத்தின் பழைய நாலு பேரும் கடைசியாக வாசித்ததும் இதைத்தான் என்பதால் இப்போது எல்லா ட்ரிப்யூட்டிலும் இது கடைசிப் பாட்டாகிவிட்டது; முடிவை இழுத்து, க்ராஷ் உருட்டி, அரை நிமிஷம் ஆர்ப்பாட்டம். நீங்கதான் சிங்கிள் மாதிரி வேணும்னீங்க. அப்படின்னா கடைசி அடியில் கிட்டார் உள்ளங்கையால் ஆறு ஸ்ட்ரிங்கையும் அமுக்கணும், டிரம்மர் ரெண்டு க்ராஷையும் கையால் பிடிக்கணும், பேஸ்காரர் இடது கையைத் தூக்கக்கூடாது, தூக்கினால் திறந்த ஸ்ட்ரிங் உறுமும். இதை மட்டும் தனியா எடுத்து, கடைசி எட்டு பாரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்க. நாலு பேரில் ஒருத்தர் கண்டிப்பா லேட்டா நிறுத்துவார்.